பாதிப் புருவம்

பொங்கலுக்கு முன் வீட்டுக்குப் பெயின்ட் அடித்துவிடலாம் என்று பரணைக் காலி செய்துகொண்டிருந்தேன். பிடி அறுந்த சூட்கேஸுக்கும் கொலு பொம்மைப் பெட்டிக்கும் பின்னால், அம்மாவின் பழைய பருத்திச் சேலையில் சுற்றிய மூட்டை ஒன்று கிடந்தது. தூக்கியதுமே கனம் சொல்லிவிட்டது. முடிச்சை அவிழ்ப்பதற்குள் வாசனையும் வந்துவிட்டது. பிளாஸ்டரின் சுண்ணாம்பு வாடையும் அதில் ஊறிப்போன தேங்காயெண்ணெயின் சிக்கு வாடையும் சேர்ந்த ஒன்று. அந்த வாசனை உலகத்தில் வேறெங்கும் இருக்காது. பிளாஸ்டர் அச்சுக்குள் அரை பாட்டில் தேங்காயெண்ணெயை ஊற்றிய புத்திசாலிகள் நம்மைத் தவிர வேறு யார்?

உள்ளே இருந்தது உன் முகம். சரியாகச் சொன்னால் உன் முகத்தின் மறுபக்கம். நெற்றி பள்ளமாகவும் மூக்கு குழியாகவும், நீ சிரிப்பை அடக்கிக்கொண்டு இறுக்கிய உதடுகள் உள்வாங்கியும் இருந்தன. இடது புருவம் இருக்கவேண்டிய இடத்தில் பிளாஸ்டரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றன, உன் நிஜப் புருவ முடிகள். கடைசியாகப் பார்த்தபோது உன் காதோரம் லேசாக நரைக்கத் தொடங்கியிருந்தது. இவை மட்டும் கல்லூரி வயதிலேயே நின்றுவிட்டன.

ஏணியிலேயே உட்கார்ந்து சிரித்தேன். பிறகு அழுதேன். பிறகு கைப்பேசியில் படம் பிடித்து உன் அப்பாவுக்கு அனுப்பினேன். உடனே அழைத்துவிட்டார்.

"இன்னா கண்ணு இது, எம்பொண்ணு மூஞ்சியா? உள்ள குழியா கீதே. இத்துல எதுனா ஊத்தி மூஞ்சிய வெளிய எடுக்க முடியுமா?"

முடியும் அப்பா என்றேன். அதன் பிறகுதான் மீதியைச் சொன்னேன். இதைச் சிற்பத் துறையில் வேஸ்ட் மோல்டு என்போம். ஒரு தடவைதான் ஊற்றலாம். உள்ளே ஊற்றிய பிளாஸ்டர் இறுகியதும், வெளியே இருக்கும் அச்சை உளியால் கொத்திக் கொத்தி எடுத்துவிட வேண்டும். முகம் வந்துவிடும், அச்சு போய்விடும். அச்சோடு சேர்ந்து அந்தப் புருவமும் தூளாகிவிடும்.

"ஞாயித்துக்கெயம வரேன் கண்ணு. கண்ணால பாத்துட்டு சொல்றேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஞாயிறு வரைக்கும் இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? உன்னையே கேட்டுவிடலாம் என்று எழுத உட்கார்ந்திருக்கிறேன். முகம் உன்னுடையதுதானே.

ஓவியக் கல்லூரிக்குப் போக ஆவடியில் நான் ஏறுவேன். அடுத்த நிலையம் அண்ணனூரில் நீ. அதற்குள் பெண்கள் பெட்டியில் உனக்கும் இடம் பிடித்து, நம் இரண்டு டிராயிங் போர்டுகளுக்கும் இடம் பிடித்து வைப்பது என் வேலை. ஆபீஸ் போகும் அக்காக்கள் முறைப்பார்கள். நீ ஏறியதும், "கோச்சிக்காதக்கா, போர்டுக்கும் சீசன் டிக்கெட் எட்த்துகீறோம்" என்பாய். முறைத்தவர்களே சிரித்துக்கொண்டு நகர்வார்கள். கொடுத்த இடத்துக்கு வாடகையாக அவர்களையே வரைந்து கொடுப்பாய். தூங்கி வழிகிற முகம், கொட்டாவி விடுகிற முகம், மடியில் பேப்பர் விரித்துக் கீரை ஆய்கிற முகம். அம்பத்தூர் தாண்டுவதற்குள் ஒரு முகம் முடிந்திருக்கும். அந்தக் கீரைக்கார அக்கா தன் படத்தை லேமினேட் செய்து கைப்பையிலேயே வைத்திருந்தாள், நினைவிருக்கிறதா?

நான் டிஃபென்ஸ் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் வேலை கிடைத்துத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். முதல் நாள் உன்னை நான் 'ஏட்டி' என்று கூப்பிட்டதும் நீ நின்று திரும்பினாய். "இன்னாடி, திட்றியா?" என்று கேட்டாய். எங்கள் ஊரில் செல்லமாக அப்படித்தான் கூப்பிடுவோம் என்றதும் உனக்குப் பிடித்துப்போயிற்று. அதன் பிறகு நான் உனக்கு மச்சி, நீ எனக்கு ஏட்டி. பூந்தமல்லியிலிருந்து வந்த பாலாஜி நம் இருவருக்குமே 'டேய்'.

முதல் வருடம் எல்லோருக்கும் ஒரே பாடம். அந்த வருடம் போல் நான் பிறகு எப்போதும் சிரித்ததில்லை. செம்பரம்பாக்கம் ஏரியை வாட்டர்கலரில் வரையலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் கிளம்பினோமே! கலர், பிரஷ், தாள், என் அம்மா கட்டிக்கொடுத்த புளியோதரை எல்லாம் இருந்தது. தண்ணீரை மட்டும் மறந்துவிட்டோம். பட்டணமே குடிக்கிற தண்ணீர் எதிரே பரந்து கிடக்கிறது, காவலுக்கு நின்றவர் கரையிலிருந்து கீழே ஒரு படி இறங்க விடமாட்டேன் என்கிறார். பாலாஜி ரோட்டுக் கடைக்கு ஓடிப்போய்ப் பன்னீர் சோடா வாங்கி வந்தான். அதில் பிரஷை நனைத்து ஏரியை வரைந்தோம். மறுநாள் வகுப்புச் சுவரில் மாட்டியபோது உன் ஏரிக்கு மட்டும் எறும்பு வரிசை கட்டி வந்தது. "இதான் மச்சி ரசிகர் கூட்டம்" என்றாய்.

வருட முடிவில் மார்க் வரிசைப்படி துறையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். நீ முதலிடம். நான் வாலில் இருந்தேன். எனக்கு விஷுவல் கம்யூனிகேஷன் வேண்டும். எழுத்து, போஸ்டர், கம்ப்யூட்டர் என்றால் உயிர். குவார்ட்டர்ஸ் ஆயுதபூஜை பேனர் எல்லாம் நான்தான் எழுதுவேன். ஆனால் என் முறை வந்தபோது அதில் ஓர் இடம்கூட இல்லை. யாரும் தொடாமல் மிச்சம் கிடந்தது சிற்பம்தான். நீயோ, மண்ணைப் பார்த்தால் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்குகிறவள், விஷுவல் கம்யூனிகேஷனை எடுத்துக்கொண்டு வந்து நின்றாய். ஏன் என்று கேட்டேன்.

"நைனா ஏசி ரூம்ல குந்தி வேலை செய்யணும்னு சொல்லிகினே கீறாரு மச்சி. அவரு கையப் பாத்துட்டு நான் இன்னா சொல்றது?"

உன் அப்பாவின் கையை அப்போது நானும் பார்த்திருந்தேன். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் தகடு வெட்டும் பவர் பிரஸ் ஓட்டுகிறவர். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை. நீ மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது தகட்டோடு சேர்த்து மெஷின் எடுத்துக்கொண்டது.

அடுத்த சில வாரங்கள் கொடுமை. நீ ஏசி அறையில் மௌஸைப் பிடித்துக்கொண்டு விறைத்துப்போய் உட்கார்ந்திருப்பாய். நான் சிற்பக் கூடத்தில் களிமண்ணைக் காலால் மிதித்து இடுப்பொடிந்து கிடப்பேன். மதியம் மணி அடித்ததும் நீ என் கூடத்துக்கு ஓடிவந்து என் மண்ணில் கை வைப்பாய். நான் உன் போஸ்டரை எடுத்து எழுத்துகளைச் சரிசெய்வேன். ஒரு வாரம், என் சார் என்னைக் கூப்பிட்டு, "மூக்கு நல்லா வந்திருக்கும்மா" என்று பாராட்டினார். உன் மேடம் உன்னைக் கூப்பிட்டு, "எழுத்து அளவு பிரமாதம்" என்றார். செய்யாத வேலைக்குப் பாராட்டு வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் கேன்டீனில் முழித்துக்கொண்டு நின்றோம்.

வழி கண்டுபிடித்தது என் அப்பா. என் புலம்பலைக் கேட்டுவிட்டு, "இதுக்குப் போயி அழுவாளா ஒருத்தி? எங்க ஃபேக்டரில ரெண்டு பேரு சம்மதிச்சா மியூச்சுவல் போட்டு எடத்த மாத்திக்கிடுவாங்கல்லா. அதே மாதிரி கேளுங்களேன்" என்றார். கேட்டோம். இரண்டு துறைத் தலைவர்களும் தங்களுக்குள் பேசிப் பார்த்தார்கள். நம் மதிய உணவு நேரத்துப் பண்டமாற்று அவர்களுக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது. இரு வீட்டுப் பெரியவர்களும் நேரில் வந்து சம்மதம் சொன்னால் சரி என்றார்கள். என் அப்பா அன்றைக்கே வரத் தயார். மிச்சம் இருந்தது உன் அப்பா ஒருவர்தான். அவர் சரி என்றால் நம் இருவருக்கும் வாழ்க்கை, இல்லை என்றால் இருவருக்கும் மூன்று வருடச் சிறை.

அவரிடம் கேட்பதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமைதான் இந்த அச்சு பிறந்தது. உயிருள்ள முகத்திலிருந்து அச்சு எடுத்து வரவேண்டும், அதுதான் எனக்குக் கொடுத்திருந்த பயிற்சி. முகம் தர நீ வந்தாய். எங்கள் குவார்ட்டர்ஸ் பின்கட்டில் உன்னைப் பாயில் படுக்க வைத்தோம். முடி பிளாஸ்டரில் ஒட்டாமலிருக்க நான் வாஸ்லின் தடவ, பாலாஜி பேசினில் பிளாஸ்டரைக் கரைத்தான். கன்னம், நெற்றி, மூக்கு, வலது புருவம் என்று தாராளமாகத் தடவிக்கொண்டே வந்ததில் டப்பா காலி. கடைக்குப் போய் வரட்டுமா என்றேன். பிளாஸ்டர் அதற்குள் கெட்டியாகத் தொடங்கியிருந்தது. "போதும் போதும், ஊத்துடி. இன்னா புருவத்தப் பேத்துகினா போவப் போது?" என்றாய். முகத்தை மூடும் முன் நீ பேசிய கடைசி வார்த்தை அதுதான். மூக்குத் துவாரம் மட்டும் விட்டு ஊற்றி மூடிவிட்டோம்.

பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும். நீ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியபடி கிடந்தாய். எடுக்கும்போது கன்னம் வந்தது, மூக்கு வந்தது, நெற்றியும் வந்தது. இடது புருவம் மட்டும் வரவில்லை. இழுத்தால் உன் தலையே கூட வருகிறது. அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயோ, அந்தப் பிள்ள மூஞ்சிய என்னட்டி பண்ணித் தொலைச்சீங்க?" என்று தேங்காயெண்ணெய் பாட்டிலோடு ஓடிவந்தாள். இடுக்கு வழியாக ஊற்றினோம், ஆட்டினோம், கெஞ்சினோம். கடைசியில் நீயே எழுந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் பிடித்து, வெடுக்கென்று ஒரே இழுப்பு. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் பார்த்தாய். இடது புருவத்தில் மூக்குப் பக்கம் கொஞ்சம் இருந்தது, அதற்கப்புறம் வெறும் சிவந்த தோல். நாங்கள் மூச்சுவிடவில்லை. "மச்சி," என்றாய், "நான் பாதி ஆச்சரியமா கீறேன்டி." அவ்வளவுதான், சிரித்துச் சிரித்துப் பாயிலேயே உருண்டோம்.

அந்த அச்சில் ஊற்றி முகம் எடுத்திருந்தால் எனக்கு மார்க் கிடைத்திருக்கும். நீதான் விடவில்லை. "ஒடைச்சினா எம்புருவம் போய்டும். அது மொளைக்கிற வரிக்கும் வச்சிக்க" என்றாய். முளைத்த பிறகும் நான் உடைக்கவில்லை.

மறுநாளிலிருந்து ரயிலில் எனக்கு ஒரு புது வேலை வந்தது. அம்பத்தூர் ஸ்டேஷன் வாசல் கடையில் ஒரு புருவப் பென்சில் வாங்கினேன். வண்டி அண்ணனூரை விட்டதும் உன் தாடையைப் பிடித்துத் திருப்பி, மிச்சப் புருவத்தை வரைவேன். வண்டி ஆடுகிற ஆட்டத்தில் ஒரு நாள் கோபப் புருவம், ஒரு நாள் மாமியார் புருவம், ஒரு நாள் யாரையோ சந்தேகப்படுகிற புருவம். பாலாஜி கல்லூரி வாசலில் நின்று, "இன்னிக்கு இன்னா மூடு?" என்று பார்ப்பான். கீரைக்கார அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் வளைச்சி வுடும்மா" என்று யோசனை சொல்லுவாள்.

உன் அப்பாவுக்குத் தெரியாமல் எப்படிச் சமாளித்தாயோ. அவர் ஷிஃப்ட் முடிந்து வரும்போது தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு புத்தகத்தைப் பார்த்து உட்கார்ந்துவிடுவேன் என்றாய். மியூச்சுவல் பற்றிப் பேச நானும் என் அப்பாவும் அண்ணனூருக்கு உன் வீட்டுக்கு வந்த அன்று அந்த ரகசியம் வெளிப்பட்டது. கரண்ட் இல்லை, மின்விசிறி இல்லை. நீ அடுப்படியில் டீ போட்டு எடுத்துவந்து குனிந்து கொடுக்கும்போது, வேர்வையோடு என் வேலைப்பாடு கன்னத்தில் கறுப்பாக வழிந்தது. உன் அப்பா டம்ளரை வாங்கவில்லை.

"இன்னாது இது?"

நீ சொன்னாய். ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. என் அப்பாவைப் பார்த்து, மெதுவாகத்தான் பேசினார்.

"கொஞ்ச நாளு அந்தப் பக்கம் போய் வந்ததுக்கே புருவம் போச்சி சார். மூணு வருசம் சுத்தியும் உளியும் புடிச்சா இன்னா மிஞ்சும்?" வலது கையைத் தூக்கிக் காட்டினார். "ஊட்டுக்கு ஒர்த்தன் கை போனது போதாதா?"

எதையும் பேசிச் சமாளித்துவிடுகிற என் அப்பா டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். நானும் பின்னாலேயே வந்துவிட்டேன்.

மறு ஞாயிறு காலையில் நீ என்னை அழைத்தாய். "பிளாஸ்டர் கலக்க வா" என்றாய், வேறு விவரம் சொல்லவில்லை. வந்து பார்த்தால் உன் வீட்டு வாசலில் ஒரு ஸ்டூல், ஒரு தட்டில் களிமண், ஒன்றுக்கு இரண்டாக வாஸ்லின் டப்பா, உன் மெல்லிய பிரஷ். அப்பா லுங்கியோடு நின்றுகொண்டிருந்தார்.

"குந்து நைனா. எடது கையக் குடு. அச்சி எடுக்கப் போறேன். ஒரே ஒரு முடி போனா கூட அப்பால நான் மௌஸே புடிக்கிறேன். வாயத் தொறக்க மாட்டேன்."

அவர் அந்தக் கையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். உன் அப்பாவுக்குக் கையில், விரல் முதுகில் எல்லாம் கரடி மாதிரி முடி. நீ அவசரப்படவே இல்லை. எதிலும் பொறுமை இல்லாத நீ, பிரஷால் வாஸ்லினைத் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு முடியாகப் படிய வைத்தாய். வேரிலிருந்து நுனிக்கு. நகக்கண் ஓரம், விரலிடுக்கு, மணிக்கட்டு. உன் அம்மா சோறு வடித்துவிட்டு வந்து பார்த்துவிட்டுப் போனாள், நீ இன்னும் சுண்டுவிரலில்தான் இருந்தாய். கையைப் பாதி களிமண்ணில் புதைத்து மேல் பாதிக்கு ஊற்றினோம். அது இறுகியதும் திருப்பி, மண்ணை வழித்துவிட்டு, ஓரத்தில் சோப்புத் தண்ணீர் பூசிக் கீழ்ப் பாதிக்கு ஊற்றினோம். அவர் வேர்த்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். இன்னொருவர் கை முடிக்காக நான் சாமியை வேண்டிக்கொண்டது அன்று ஒருநாள்தான்.

அச்சு திறந்தது. கை வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. அவர் எழுந்து வெயிலுக்குப் போய்க் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அச்சுக்குள்ளும் குனிந்து பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி உன் அம்மாவிடம் சொன்னார்: "ஒண்ணும் போவல."

சாயங்காலம் நீ அதில் ஊற்றி எடுத்த பிளாஸ்டர் கையை அவர் தன் வலது கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். ரேகை, தழும்பு, நகத்தின் வெடிப்பு எல்லாம் அப்படியே இருந்தது. ஐந்து விரலும் இருந்தன. மறுநாள் கல்யாணத்துக்குப் போடுகிற சட்டையைப் போட்டுக்கொண்டு நம்மோடு ரயிலேறிவிட்டார். சிற்பத் துறைத் தலைவர் முன்னால் போய் நின்று, "எம்பொண்ண இந்தப் பக்கம் போட்ருங்க சார். கைய மட்டும் பாத்துகினு வேலை செய்யச் சொல்லுங்க" என்றார். துறைத் தலைவர் எழுந்து நின்று சரி என்றார். என் அப்பா பக்கத்தில் நின்று ஃபேக்டரி ஆள் போலவே, "அப்போ மியூச்சுவல் ஓகே" என்றார்.

உன்னைப் பற்றி நான் ஊரெல்லாம் பீற்றிக்கொள்வது இதற்குப் பிறகு நடந்தவற்றைத்தான். கடைசி வருடம் எல்லோரும் பெரிய பெரிய சிலைகளாகச் செய்தபோது நீ இரண்டு விரல் செய்தாய். அந்தப் பிளாஸ்டர் இடது கையைக் கண்ணாடி முன் வைத்து, கண்ணாடியில் தெரிந்ததைப் பார்த்து வலது கையின் விரல்களை மெழுகில் செதுக்கினாய். பிறகு சிலிக்கோனில், தோலின் நிறத்தில். எங்கெங்கோ அலைந்து, செயற்கைக் கால் செய்கிறவர்களிடம் கெஞ்சிக் கேட்டுக் கற்றுக்கொண்டாய். அதை மாட்டிக்கொண்டு உன் அப்பா டீக்கடைக்குப் போய் டம்ளரைப் பிடித்துக் குடித்துவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பி வந்தார். "ஒர்த்தன் கூட கண்டுக்கலயே" என்றார். "அதான் நைனா வேலை" என்று நீ குதித்தாய்.

படித்து முடித்ததும் அம்பத்தூரிலேயே ஒரு சின்ன அறை எடுத்து அதையே தொழிலாக்கிக்கொண்டாய். பிரஸ்ஸில் விரலை விட்ட தகப்பன்களும் பிள்ளைகளும் வந்தார்கள். காலை வெளிச்சத்தில்தான் நிறம் கலப்பாய், மற்ற நேரம் வந்தால் உட்கார வைத்து டீ கொடுத்து அனுப்பிவிடுவாய். ஒருவர் உன்னிடம் வந்து, "விரலு ஜோராத்தான் கீதும்மா. ஆனா மத்த விரலெல்லாம் வேலைக்குப் போய் வந்தா மாதிரி கீது, இது மட்டும் மாப்ள மாதிரி குந்திகினு கீது" என்றாராம். அதன் பிறகு நீ நக ஓரத்தில் மெல்லிசாக ஒரு கிரீஸ் கறையும் வரைந்து கொடுக்க ஆரம்பித்தாய். அதைச் சொல்லும்போது உன் முகத்தில் இருந்த பெருமை, முதலிடம் வாங்கியபோதுகூட இருந்ததில்லை.

நான் நினைத்த மாதிரியே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். ஐடி கம்பெனியில் ஆப்களுக்குத் திரை வடிவமைக்கிறேன். என்னை யாராவது கேட்டால், "நான் பட்டன் போடுறேன்" என்று சொல்லிச் சிரிப்பேன். நீ குறுக்கே பாய்வாய். "இவ பட்டன் போடுவா, அத்த அமுக்க நான் விரல் போடுவேன். ரெண்டு பேரும் கூட்டு வியாபாரம்." நம் இரண்டு பேர் வேலையும் நம் இரண்டு பேருக்கும் பொருந்தியது. அன்று இடம் மாறாமல் இருந்திருந்தால் நான் மண்ணை மிதித்து அழுதுகொண்டு, நீ ஏசியில் விறைத்துக்கொண்டு வயதாகியிருப்போம்.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்றார்கள். நான் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, "இன்னாடி, ஆபீசு லீவா?" என்று கேட்டாய். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குப் பிடிக்கவில்லை.

அண்ணனூரில் உன்னை வாசலில் வைத்திருந்தபோது எஸ்டேட் ஆட்கள் கூட்டமாக வந்தார்கள். பாதிப் பேர் யூனிஃபார்மோடு, ஷிஃப்டிலிருந்து நேராக வந்திருந்தார்கள். வரிசையாக நின்று உன்னைக் கும்பிட்டார்கள். அந்தக் கைகளில் எது அவர்களுடைய விரல், எது நீ செய்த விரல் என்று நான் அழுதுகொண்டே தேடினேன். எத்தனை வருடம் உன் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான், எனக்கே தெரியவில்லை. பாலாஜி என் தோளைத் தொட்டு, "கண்டுபுடிச்சியா?" என்று கேட்டான். அவனும் அதைத்தான் தேடியிருக்கிறான். அவனுக்கும் தெரியவில்லை. அந்தத் துக்கத்திலும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது, ஏட்டி.

இவ்வளவையும் எழுதி நான்கு நாள் அப்படியே வைத்திருந்தேன். இன்று ஞாயிறு. உன் அப்பா வந்துவிட்டுப் போனார்.

நாங்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்து ஆவடியை ஒட்டிய கோவில்பதாகைக்கு வந்த பிறகு அவர் இந்த வீட்டுக்கு வருவது இதுதான் முதல் தடவை. அச்சை டிவி ஸ்டாண்டில், வாசலைப் பார்த்து நிறுத்தி வைத்திருந்தேன். செருப்பைக் கழற்றிக்கொண்டே நிமிர்ந்தவர் அப்படியே நின்றுவிட்டார். குழியாக இருக்கிற முகம் தூரத்திலிருந்து பார்த்தால் குழியாகத் தெரியாது. புடைத்த முகமாகவே தெரியும். பார்க்கிறவர் நகர்ந்தால் அதுவும் கூடவே திரும்பும். சிற்பக் கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்த வேடிக்கை இது. அவருக்குத் தெரியாது.

"இன்னா கண்ணு, திரும்புது?"

அவர் இடது பக்கம் நகர்ந்தார். நீ திரும்பினாய். வலது பக்கம் போனார். அங்கேயும் பார்த்தாய். கிட்டே வந்தார், முகம் மறைந்து வெறும் பள்ளமானது. பின்னால் போனார், மறுபடி நீ வந்தாய். என் அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொள்ளப் போனார். நான்தான் வேண்டாம் என்று தலையசைத்தேன். உன் அப்பா முன்னும் பின்னுமாக நடந்துகொண்டே இருந்தார்.

பிறகு அச்சுக்கு எதிரே உட்கார்ந்து, வலது கையை நீட்டி அந்தப் புருவத்தைத் தொட்டார். நீ செய்த ஆள்காட்டி விரல்தான் போய்த் தொட்டது. "தே, இது அவ செஞ்ச விரலு. இத்துக்கு ஒண்ணும் தெரியாது" என்று தனக்குத்தானே சிரித்துவிட்டு இடது கையை நீட்டினார். அன்று நீ ஒரு முடியும் போகாமல் காப்பாற்றிய கை. அதன் விரல் நுனியால் உன் முடிகளை வேரிலிருந்து நுனிக்கு மெதுவாக வருடினார்.

அப்பா, என்ன செய்யலாம், ஊற்றிவிடலாமா என்று கேட்டேன்.

"வேணாம் கண்ணு. ஒடைக்காத." விரலை எடுக்கவில்லை. "இந்த முடி போச்சேன்னுதான அன்னிக்கு அவ்ளோ பேசுனேன். இப்போ எம்பொண்ணு ஒடம்புல இதான் மிச்சம் கீது."

போகும்போது அச்சை அவரிடமே கொடுக்கப் போனேன். வாங்கிக்கொள்ளவில்லை. "உன் வேலை, உன்னாண்டயே இருக்கட்டும். நான் வந்து வந்து பாத்துக்கினு போறேன்" என்றார். அவர் வந்து போக ஒரு சாக்கு வேண்டும் என்று எனக்கும் புரிந்தது.

நாளைக்குப் பெயின்ட் அடிக்க ஆள் வருவார். அவரும் கேட்பார், எங்கே போனாலும் பார்க்கிறதே, இதை யார் செய்தது என்று. சிற்பத் துறையில் சில வாரம் இருந்து ஒரே ஒரு வேலை செய்து, அதற்கும் மார்க் வாங்காமல் வெளியே வந்தவள் நான். நான்தான் செய்தேன் என்று சொல்லப் போகிறேன். முகம் யாருடையது என்று கேட்டால் உட்கார வைத்து முழுக் கதையும் சொல்வேன், அன்றைக்குப் பெயின்ட் அடித்து முடித்த மாதிரிதான்.

இன்னும் அதே ரயிலில்தான் வேலைக்குப் போகிறேன். எனக்குப் புருவம் தீட்டுகிற பழக்கம் கிடையாது. ஆனாலும் கைப்பையில் ஒரு புருவப் பென்சில் எப்போதும் இருக்கும். தீர்ந்துபோகாமலே பழசாகி நுனி காய்ந்துவிடும், அதே அம்பத்தூர்க் கடையில் புதிதாக ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்வேன். வண்டி அண்ணனூரில் நிற்கும்போது என் கை அதைத் தேடி எடுத்துவிடுகிறது, ஏட்டி. பக்கத்தில் கொஞ்சம் இடமும் விட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.